இழந்தார்க்கு ஈடும் உரைத்தார்க்குக் காப்பும்

சிலப்பதிகாரம் பயில்வோர் பலரும் வழக்குரை காதையில் நெஞ்சுருகி நின்றுவிடுவர். ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திக் கண்ணகி அரசவை புகுந்ததும், பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர் துறந்ததும் தமிழ் நெஞ்சங்களில் ஆழப் பதிந்தவை. அதற்கு மூன்று காதைகள் தள்ளி வருகின்ற கட்டுரை காதையை விரைந்து கடந்து செல்வோரே மிகுதி. ஆயினும் அக்காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் கிளைக்கதை ஒன்று, இக்காலச் சட்டம் பயில்வார்க்கும் உரியதாகும்.

திருத்தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் என்னும் அந்தணனின் இளமகன், மறையைப் பிழையற ஓதியமைக்காக வழிப்போக்கராக வந்த புலமையாளர் ஒருவரிடம் அணிகலன்களைப் பரிசாகப் பெற்றான். அதனைக் கண்டு பொறாத அரசப் பணியாளர் சிலர், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று தந்தையாகிய வார்த்திகன்மீது பழி சுமத்திச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை தெருவில் வீழ்ந்து அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது. செய்தி அறிந்த பாண்டியன் வினவி உண்மை தெளிந்தான், வார்த்திகனை விடுவித்தான், அவனிடம் பொறுத்தருள வேண்டினான். அத்துடன் அமையாது திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். கதவு பேரொலியுடன் திறந்தது என்பது கதை.

இளங்கோவடிகள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே காண்டத்துள் வைத்துள்ளார். ஒன்றில் அரசன் தன் உயிரையே தந்தான். ஆயினும் கோவலனை இழந்த பெண்ணுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. பின்னர் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரை கூறுகிறது. அதனாலும் அவளுக்கு ஆனது ஒன்றுமில்லை. மற்றதில் அரசன் தவறு செய்த பணியாளரை என்ன செய்தான் என்பதைவிட, துன்புற்ற குடும்பத்துக்கு என்ன தந்தான் என்பதே முன்னிற்கிறது. தண்டம் வேறு, ஈடு வேறு. குற்றம் செய்தவனைத் தண்டித்துவிட்டால் இழந்தவர்க்குச் செய்யவேண்டியது முடிந்துவிட்டது என்னும் எண்ணம் நம் மன்றங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அவ்வெண்ணம் மாறிய வரலாற்றையும், மாறிய பின்னரும் மக்கள் அதனை அறியாதிருக்கும் நிலையையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முனைகிறது.

'இழப்பீடு' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். இழப்புக்கு ஈடு இழப்பீடு. ஈடு என்பதற்கு ஒப்பு என்றும் அடகு என்றும் வலிமை என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. ஒப்பாகத் தருவது என்பதே இங்குப் பொருந்தும் பொருள். நாளேடுகளிலோ 'நிவாரணம்', 'கருணைத் தொகை' என்னும் சொற்களையே மிகுதியும் காண்கிறோம். கருணை என்பது கொடுப்பவன் உள்ளத்தைப் பொறுத்தது. ஈடு என்பது பெறுபவனின் உரிமையைப் பொறுத்தது. பேருந்து கவிழ்ந்தால், பட்டாசு ஆலை வெடித்தால் முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து தொகை அறிவிக்கப்படுவதைக் கேட்டுப் பழகிய மக்கள், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்க்கும் அத்தகைய அறிவிப்பு ஒன்று வந்தால்தான் உண்டு, வாராவிட்டால் இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது.

பாதிக்கப்பட்டவர் எங்கே மறைந்தார்?

ஆங்கிலேயர் வழிவந்த குற்றவியல் முறையில் ஒரு கொலையோ கொள்ளையோ அரசின் அமைதிக்கு எதிரான செயலாகவே கருதப்படுகிறது. ஆதலால் வழக்கு 'அரசு எதிர் இன்னார்' என்று நடைபெறும். மகனைப் பறிகொடுத்த தாய் அவ்வழக்கில் யார்? அவர் ஒரு சாட்சி மட்டுமே. தீர்ப்புரையில் அவருக்குப் பெயர்கூட இராது, 'அ.சா.1' என்று குறிக்கப்படுவார். அழைப்பாணை வந்தால் வரவேண்டும். கேட்டதற்கு விடை கூறவேண்டும். பேட்டா பெற்றுக்கொண்டு வீடு திரும்பவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞர் உண்டு. அவர் வறியவராயின் அரசே அமர்த்தித் தரும். அது நேரியதே, அதனைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அ.சா.1-க்கு யார் உண்டு என்பதே வினா.

பண்டைச் சமுதாயங்கள் பல இவ்வினாவை எதிர்கொண்டன. இசுலாமியச் சட்டத்தில் 'தியத்' எனப்படும் குருதியீடு கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கே உரியது. அரசுக் கருவூலத்துக்கு உரியதன்று. கைபரில் அன்சாரித் தோழர் ஒருவர் கொலையுண்டு கிடந்தபோது, கொன்றவர் இன்னார் என்று மெய்ப்பிக்க இயலவில்லை. நேரில் கண்டிராத ஒன்றுக்குச் சத்தியம் செய்ய உறவினர் முன்வரவில்லை. எதிர்த்தரப்பாரின் சத்தியத்தை ஏற்கவும் அவர்கட்கு மனமில்லை. அந்நிலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே நூறு ஒட்டகங்களைக் குருதியீடாக வழங்கிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகிறது. குற்றவாளி அகப்படவில்லை என்பது இழந்தவரின் குற்றமன்று என்னும் கருத்து அதில் அமைந்திருத்தலை உணரலாம். இக்காலச் சட்டத்தில் இதே கருத்து எங்கே இடம்பெற்றுள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அண்மைக் காலத்தில் இக்கருத்தைப் புதுப்பித்தவர்களுள் இங்கிலாந்தைச் சேர்ந்த சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1963-இல் நியூசிலாந்து நாடு, வன்குற்றங்களால் பாதிக்கப்பட்டோர்க்கு அரசே இழப்பீடு வழங்குவதற்கென்று தனிச்சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அவ்வழி நடந்தது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, பாதிக்கப்பட்டோர்க்கான நீதி பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. தமிழகத்துக்கும் இத்துறையில் பெருமைக்குரிய இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறைப் பேராசிரியர் சொக்கலிங்கம் அவர்களின் முயற்சியில் 1992-இல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகம் சென்னையில் தோன்றியது. 1995-இல் தமிழக அரசு பாதிக்கப்பட்டோர் உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. நடுவண் சட்டம் விழிப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது.

பிரிவு 357-ஏ

1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு, குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்க்குத் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று கூறியது. அபராதம் விதிக்காதபோதும் இழப்பீடு தருமாறு குற்றவாளியைப் பணிக்கலாம். கேட்பதற்கு இனிய விதி. நடைமுறையில் பயன் சிறிது. குற்றவாளி அகப்படவேண்டும், குற்றம் மெய்ப்பிக்கப்படவேண்டும், அவனிடம் பணமும் இருக்கவேண்டும். மூன்றும் ஒருங்கே கூடுதல் அரிது. 1988-இல் ஹரிசிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு கீழமை நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியும் பெரும் மாற்றம் நிகழவில்லை.

அரசே தவறிழைத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வேறு வழி கண்டது. பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா என்பவர் 1968-இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டும், 1982 வரை பதினான்கு ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு முன்னரே அளித்திருந்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. பதினான்கு ஆண்டு வாழ்க்கைக்கு 35,000 ரூபாய்! வார்த்திகன் பெற்ற இரண்டு ஊர்களை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆயினும் அடிப்படை உரிமையைப் பறித்த அரசு ஈடு தரக் கடமைப்பட்டது என்னும் நெறி அவ்வழக்கில்தான் வேரூன்றியது. 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில், காவலில் மாண்ட இளைஞனின் தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்டபோது அந்நெறி உறுதிப்பட்டது.

பிறர் செய்த குற்றத்துக்கும் அரசு ஈடு தரவேண்டும் என்பதற்கு, சட்ட ஆணையம் 1996-இல் தன் 154-ஆம் அறிக்கையில் பரிந்துரை செய்திருந்தது. அது சட்டமாகி, 2009 டிசம்பர் 31 முதல் 357-ஏ என்னும் பிரிவாக நடைமுறைக்கு வந்தது. 2024 சூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமர்ந்துள்ளது. அதன் 396-ஆம் பிரிவாக இவ்விதி தொடர்கிறது. மாணவர்கள் இவ்விரு எண்களையும் நினைவில் கொள்வது நன்று.

இப்பிரிவு கூறுவது யாது? ஒவ்வொரு மாநில அரசும் நடுவண் அரசுடன் இணைந்து இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கவேண்டும். நீதிமன்றம் பரிந்துரைத்தால், எவ்வளவு தொகை என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ மாநில ஆணைக்குழுவோ முடிவு செய்யும். குற்றவாளி தரும் தொகை போதாதபோதும் பரிந்துரைக்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தபோதும் பரிந்துரைக்கலாம். இவ்விடத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஐயத்தின் பயனை அளித்து எதிரியை நீதிமன்றம் விடுவித்தது என்பதால், வெட்டுண்ட கை வெட்டுப்படாத கை ஆகிவிடாது. சட்டம் இதனை உணர்ந்து எழுதப்பட்டுள்ளது. இன்னும் ஒருபடி மேலே சென்று, குற்றவாளி இன்னார் என்றே தெரியாமல், விசாரணையே நடைபெறாமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்து வாழ்ந்தவரோ நேரடியாக ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. கைபர் நிகழ்ச்சியை முன்னர்க் குறிப்பிட்டது இதன்பொருட்டே.

விண்ணப்பம் கிடைத்த பின்னர் விசாரித்து இரண்டு திங்களுக்குள் முடிவு செய்யவேண்டும். அதுவரை மருத்துவச் செலவுக்கு வழியில்லை எனின், காவல் நிலையப் பொறுப்பு அலுவலரோ நீதித்துறை நடுவரோ சான்றளித்தால், இலவச முதலுதவிக்கும் மருத்துவ உதவிக்கும் ஆணைக்குழு உடனே ஆணையிடலாம். இடைக்கால நிவாரணமும் வழங்கலாம். 2014-இல் சுரேஷ் எதிர் அரியானா அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கு கோப்பில் ஏற்கப்படும் தொடக்க நிலையிலேயே இடைக்கால இழப்பீடு தேவையா என்பதை நீதிமன்றம் தானே ஆராயவேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், இழப்பீடு வழங்கினாலும் வழங்க மறுத்தாலும் அதற்குரிய காரணத்தைத் தீர்ப்பில் எழுதவேண்டும் என்றும் கூறியிருந்தது.

தமிழக அரசு தனக்கான இழப்பீட்டுத் திட்டத்தை 2013-இல் அறிவித்தது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை பெரிதும் வேறுபட்டமையால், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென்று ஒரு திட்டத்தை வகுக்க, உச்ச நீதிமன்றம் அதனை 2018-இல் ஏற்றது. அதன்படி உயிரிழப்புக்கு 5 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை, பாலியல் வன்கொடுமைக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் வரை, அமில வீச்சால் முகம் சிதைந்தவர்க்கு 7 இலட்சம் முதல் 8 இலட்சம் வரை என்று அளவுகள் உள்ளன. 2018 அக்டோபர் 2 முதல், பாலியல் கொடுமைக்கு ஆளான சிறார் வழக்குகளிலும் சிறப்பு நீதிமன்றங்கள் இதனை வழிகாட்டியாகக் கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. தொகை முழுவதையும் ஒருசேரக் கையில் தருவதில்லை. பெரும்பகுதி வங்கியில் நிலை வைப்பாக இடப்படும். வயது வந்தோர்க்கு நான்கில் ஒரு பங்கு உடன் செலவுக்குக் கிடைக்கும். உறவினர் என்று சொல்லிக்கொண்டு சூழ்ந்துகொள்வாரிடமிருந்து காப்பதற்கு இது நல்ல ஏற்பாடே என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோரும் உளர். விண்ணப்பத்துக்கு மூன்றாண்டுக் கால வரம்பு உண்டு. தக்க காரணம் இருப்பின் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு.

அமில வீச்சைப் பற்றித் தனியே ஒரு சொல். லட்சுமி என்னும் வீரப்பெண் தொடுத்த பொதுநல வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றும், அதில் 1 இலட்சத்தைச் செய்தி அறிந்த 15 நாள்களுக்குள் தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி மருத்துவம் செய்யவேண்டும். அமில வீச்சுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனைப் பொறுப்பாளர் ஓராண்டு வரை சிறை செல்ல நேரும் என்பதை மருத்துவமனை வாயில்களில் எழுதி வைத்தால் நலமாயிருக்கும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 1995-ஆம் ஆண்டு விதிகள் வேறு முறையை வகுத்துள்ளன. 2016-இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை உண்டு. இங்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. கொலையாயின் பிணக்கூறாய்வு முடிந்ததும் பாதித் தொகையும், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் மீதியும் வழங்கப்படவேண்டும். அத்துடன் குடும்பத்துக்குத் திங்கள்தோறும் 5,000 ரூபாய் ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குழந்தைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவும் உண்டு. இழப்பீட்டுச் சட்டங்கள் யாவற்றுள்ளும் துன்பத்தின் போக்கை நன்குணர்ந்து எழுதப்பட்டது இதுவே எனலாம். ஏனெனில் ஒரு குடும்பம் தடுமாறுவது தீர்ப்பு நாளிலன்று. இறுதிச் சடங்குக்கு அடுத்த திங்கள்.

அடையாளம் தெரியாத ஊர்தி மோதி மாண்டவர்க்கு 2022 ஏப்ரல் 1 முதல் 2 இலட்சமும், கொடுங்காயமுற்றவர்க்கு 50,000 ரூபாயும் தனித் திட்டத்தின்கீழ்க் கிடைக்கும். முன்னர் இவை 25,000, 12,500 என்றிருந்தன. இதற்கு விண்ணப்பிக்கும் இடம் வேறு. வருவாய்த் துறை அலுவலரிடமே செல்லவேண்டும்.

அறியாமையும் சமரசமும்

நான் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தள்ளுவண்டியில் பழம் விற்றுவந்த தந்தை, இரவில் வீடு திரும்பும்போது வழிப்பறிக்காரரால் குத்துண்டு இறந்தார். குத்தியவர் அகப்படவேயில்லை. மனைவி மனுநீதி நாள்தோறும் வரிசையில் நின்று, கருணை வேண்டி மனுக் கொடுத்துவந்தார். ஊர்ப் பெரியவர்கள் திரட்டிக் கொடுத்த தொகையில் ஓராண்டு கழிந்தது. வழக்கு என்னவாயிற்று என்றறிய அவர் பலமுறை சென்றுவந்த நீதிமன்ற வளாகத்திலேயேதான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகமும் இருந்தது. அங்கு ஒரு விண்ணப்பம் தரலாம் என்று அவரிடம் எவரும் கூறவில்லை. எங்கள் பழைய மாணவராகிய இளம் வழக்கறிஞர் ஒருவர் கூறியபோது இரண்டாண்டுகள் கடந்திருந்தன. பின்னர் விண்ணப்பித்துத் தொகையும் பெற்றனர். மகளின் படிப்பு நின்றுபோகாமல் தொடர்ந்தது. இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. கூறுவது யார் வேலை என்று எங்கும் தெளிவாக வகுக்கப்படாத ஒன்று, எவர் வேலையும் ஆகாமல் போய்விடுகிறது.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைப் பணிவுடன் கூற விழைகிறேன். ஊர்ப் பஞ்சாயத்திலும் ஜமாஅத்திலும் வழக்குகளைச் சமரசம் செய்து முடிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. வாய்க்கால் வரப்புத் தகராறுகளுக்கும் குடும்பப் பூசல்களுக்கும் அது அருமருந்தாகும். ஆயின் கொடுங்காயம், பாலியல் கொடுமை போன்றவற்றில், 'எதிர்த்தரப்பார் இவ்வளவு தருகிறார்கள், வாங்கிக்கொண்டு சாட்சியை மாற்றிச் சொல்லிவிடு' என்று வறியவரிடம் கூறுவது சமரசமன்று. குருதியீட்டை மனமுவந்து ஏற்பதற்கும், அச்சத்தாலும் பசியாலும் ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியோர் அறியாதவரல்லர். அரசு தரும் இழப்பீட்டைப் பெறுவதற்கு வழக்கைக் கைவிட வேண்டுவதில்லை. உண்மையை மாற்ற வேண்டுவதில்லை. இதனைக் கூறும் ஒருவர் அவ்வீட்டுக்கு முதலில் சென்றுவிட்டால், பசியைக் காட்டிப் பேரம் பேசுவோர்க்கு அங்கு வேலையிராது.

சாட்சியின் நிலை

பிறழ் சாட்சி என்னும் சொற்றொடரை நாளேடுகளில் அடிக்கடி காண்கிறோம். சாட்சி பிறழ்கின்றார் என்றால் அவரைப் பிறழச் செய்தவர் யார் என்று வினவுதல் வேண்டும். 2002 மார்ச் 1 அன்று வதோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டுப் பதினால்வர் மாண்டனர். 2003-இல் விரைவு நீதிமன்றம் எதிரிகள் 21 பேரையும் விடுவித்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்திருந்தனர். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, மகாராட்டிரத்தில் மறுவிசாரணை நடத்த ஆணையிட்டது. அச்சமின்றிச் சாட்சி கூற இயலாத இடத்தில் நேர்மையான விசாரணையே இல்லை என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. 2006-இல் மும்பை நீதிமன்றம் ஒன்பதின்மரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவ்வழக்கின் முதன்மைச் சாட்சியான இளம்பெண்ணோ மீண்டும் மீண்டும் தம் கூற்றை மாற்றியமைக்காக அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தால் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பொய்யுரைத்தல் குற்றமே, ஐயமில்லை. தீயில் குடும்பத்தினரை இழந்த ஒருவர், அச்சத்துக்கும் ஆசைக்கும் இடையே தனியே விடப்பட்டார் என்பதையும் உடன் வைத்து நோக்கவேண்டும்.

அவ்வாண்டிலேயே, பொய்ச்சாட்சி கூறுமாறு மிரட்டுவதை ஏழாண்டு வரை தண்டிக்கத்தக்க தனிக் குற்றமாக்கி இந்திய தண்டனைச் சட்டத்தில் 195-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவு. மிரட்டியவனைப் பின்னர்த் தண்டிப்பது ஒன்று. மிரட்டப்பட்டவரை இன்றிரவு காப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 2018 வரை நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் இல்லை. சாமியார் ஒருவர் மீதான வழக்குகளில் சாட்சிகள் தாக்கப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த நிலையில் தொடுக்கப்பட்ட மகேந்தர் சாவ்லா வழக்கில், 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, தனிச் சட்டம் வரும்வரை அதுவே நாடெங்கும் சட்டமாகும் என்று அறிவித்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கவேண்டும் எனக் கட்டளையிடுகிறது.

2018-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் மாவட்ட அமர்வு நீதிபதியின் தலைமையில், மாவட்டக் காவல்துறைத் தலைவரும் குற்ற வழக்குத் துறைத் தலைவரும் அமைந்த குழு ஒன்று உண்டு. சாட்சி தானோ, தன் குடும்பத்தார், வழக்கறிஞர், காவல் அலுவலர் வாயிலாகவோ அதற்கு விண்ணப்பிக்கலாம். உடனே காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அலுவலர் அச்சுறுத்தலின் அளவை ஆராய்ந்து ஐந்து வேலை நாள்களுக்குள் அறிக்கை தரவேண்டும். உயிருக்கே ஊறு என்பது முதல் வகை. பாதுகாப்புக்கும் மானத்துக்கும் உடைமைக்கும் ஊறு என்பது இரண்டாம் வகை. மிதமான மிரட்டலும் தொல்லையும் மூன்றாம் வகை. அறிக்கை வந்த ஐந்து வேலை நாள்களுக்குள் குழு முடிவு செய்யவேண்டும். விசாரணை மூடிய அறைக்குள் நடைபெறும்.

தரப்படும் காப்புகள் பலவகைப்பட்டன. சாட்சியும் எதிரியும் நேருக்கு நேர் காணாதவாறு செய்தல், வீட்டுக்குக் கண்காணிப்புக் கருவி அமைத்தல், தெருவில் காவலர் சுற்றுதல், அரசு ஊர்தியில் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொணர்தல், தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைத்தல் ஆகியன அவற்றுட் சில. மிக அரிதாக, பெயரையும் அடையாளத்தையுமே மாற்றித் தருதலும் உண்டு. ஒருவன் தன் பெயரையும் ஊரையும் சுற்றத்தையும் விட்டுவிட்டுத்தான் உண்மை கூறமுடியும் என்றால், அவ்வுண்மைக்கு அவன் தரும் விலை எத்தகையது என்று எண்ணவேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் ஒருவரை வேறிடத்தில் குடியமர்த்தினாலும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் 'நீங்கள் எந்த ஊர், யார் மகன்' என்று கேட்டுவிடுவார்கள். ஆதலால் தெருச் சுற்றுக் காவலும் நீதிமன்றத் துணையுமே நடைமுறையில் மிகுதியும் பயன்படத்தக்கவை என்பது என் கணிப்பு.

திட்டத்தில் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. பாதுகாப்பு ஆணை ஒரு முறைக்கு மூன்று திங்களுக்கு மேற்படாமல் வழங்கப்படுகிறது. கொலை வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆதலால் மூன்றாம் திங்கள் முடிவதற்கு முன்னரே ஆணையை நீட்டிக்குமாறு கேட்டல் வேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு அதனை எழுதித் தருவதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் குழுவும் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருகின்றன. இழப்பீட்டு விண்ணப்பத்துக்கும் இவற்றையே அணுகலாம். முதல் தகவல் அறிக்கையின் படி, காயச் சான்றிதழ் அல்லது பிணக்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் படி ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுதல் நலம். தொலைபேசியில் கேட்டறிய விழைவோர் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.